டாக்டர் ஹூவும் நந்தனாரும்: மாறும் உடல், மாறாத வாசல்

1966 அக்டோபர் 29, சனிக்கிழமை மாலை. பிபிசி தொலைக்காட்சியில் மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் நாயகன், நரைத்த தலையுடைய கிழவர், தன் வாகனத்தின் தரையில் சரிந்து விழுகிறார். அவர் முகத்தில் ஒளி பரவுகிறது. ஒளி அடங்கியதும் அங்கே கிடப்பவர் வேறு ஆள். வேறு முகம், வேறு வயது. ஆனால் பெயர் அதேதான், டாக்டர். பழைய நினைவுகளும் அவரிடம் அப்படியே இருக்கின்றன.

திரைக்குப் பின்னால் நடந்தது எளிய விஷயம். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடல்நலம் கெட்டுவிட்டது. வசனம் நினைவில் நிற்கவில்லை. தொடரோ நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்த மனமில்லை. டாக்டர் மனிதரல்ல, வேற்றுக் கோளிலிருந்து வந்தவர் என்று கதை ஏற்கெனவே சொல்லியிருந்தது. அப்படியானால் சாகும் தறுவாயில் அவர் தன் உடலை மாற்றிக்கொள்ளலாமே என்று யோசித்தார்கள். பாட்ரிக் டிரவ்டன் என்ற நடிகர் வந்தார், ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். அன்று முதல் இன்றுவரை அந்தத் தொடர் நடிகரை மாற்றி மாற்றி ஓடுகிறது. இடையில் 1989இல் நின்று, 2005இல் மீண்டும் தொடங்கியது.

இந்த வலைப்பூவில் இங்கிலாந்து நாடகத்துக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். திருவக்கரைப் பக்கம் மாலை வகுப்புகளுக்கு வரும் கல்லூரி மாணவர்கள்தான் இதை எங்களிடம் கொண்டுவந்தார்கள். கைப்பேசியில் துண்டுத் துண்டாகப் பார்த்திருக்கிறார்கள். கூடவே அதன் கீழே நடக்கும் சண்டையையும் படித்திருக்கிறார்கள். ருவாண்டாவில் பிறந்து, 1994 இனப்படுகொலையிலிருந்து தப்பிய குடும்பத்தோடு ஸ்காட்லாந்தில் வளர்ந்த நூட்டி காட்வா என்ற கறுப்பின நடிகர் 2023 டிசம்பரில் டாக்டர் ஆனார். அதற்கு முன்பே, 2017இல், ஜோடி விட்டேக்கர் என்ற பெண் அந்த வேடத்துக்கு அறிவிக்கப்பட்டார். இரண்டு முறையும் ஒரு கூட்டம் ‘எங்கள் டாக்டரைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று கத்தியது. “உடம்பு மாறுவதுதானே அண்ணா கதையே? பிறகு ஏன் இந்த உடம்புக்கு மட்டும் கோபப்படுகிறார்கள்?” என்று ஒரு மாணவர் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுதுவதே இந்தக் கட்டுரை. அது எங்களை நேராக நந்தனிடம் கொண்டுபோய் விட்டது.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். இந்த உடல் மாற்றத்தை ‘மறுபிறவி’ என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். அது தவறு என்பது மட்டுமல்ல, நமக்கு ஆபத்தான சொல்லும்கூட. மறுபிறவி என்பது கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டு பேசுவது. போன பிறவியில் செய்ததற்கு இந்தப் பிறவியில் சேரி, இந்தப் பிறவியில் அடங்கிக் கிடந்தால் அடுத்த பிறவியில் அக்கிரகாரம் என்ற கணக்கு. டாக்டரின் மாற்றத்தில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை. உயர்ந்த உடல், தாழ்ந்த உடல் என்ற படிநிலை கதைக்குள் கிடையாது. முகம் மாறும், குணம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். நாங்கள் ‘உடல் மாற்றம்’ என்றே சொல்கிறோம்.

கதைக்குள் படிநிலை இல்லை என்றோம். கதைக்கு வெளியே இருந்தது. 1966இலேயே யாரும் எந்த உடலாகவும் மாறலாம் என்ற வழி திறந்துவிட்டது. தடுக்கும் விதி ஒன்றுகூட எழுதப்படவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணை அந்த வேடத்துக்கு அறிவிக்க 51 ஆண்டுகள் ஆயின. அதுவரை மாறி மாறி வந்த உடல்கள் எல்லாம் வெள்ளை ஆண் உடல்களே. 2020 ஜனவரியில் ஜோ மார்ட்டின் என்ற கறுப்பினப் பெண் டாக்டராகத் தோன்றினார், ஆனால் அது டாக்டரே மறந்துபோன ஒரு பழைய உடல் என்று கதை அமைந்தது. முழுத் தொடரையும் தாங்கும் நாயகனாக ஒரு கறுப்பர் வர 2023 ஆனது. விதி எழுதப்படாமல் இருந்தால் தடை இல்லை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நம் ஊர்களில் டீக்கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொல்லி எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

இத்தனைக்கும் அந்தத் தொடரை முதலில் கட்டியவர்கள் யார்? யோசனை, பிபிசியில் நாடகப் பிரிவின் தலைவராக இருந்த சிட்னி நியூமன் என்ற கனடாக்காரருடையது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், 27 வயதுப் பெண். பிபிசி நாடகப் பிரிவில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்து சிறு வயதில் இங்கிலாந்து போனவர், அப்போது வயது 24. ஆங்கிலத்தில் நாவல் எழுதிய அத்தியா ஹொசைனின் மகன். ஆண்களால் நிறைந்த ஒரு வெள்ளை நிறுவனத்தில் ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் சேர்ந்து செய்த படைப்பு அது. கேமராவுக்குப் பின்னால் இவர்கள் இருந்தும் கேமராவுக்கு முன்னால் வெள்ளைக் கிழவர்தான் நிற்க முடிந்தது. 1977இல்கூட அந்தத் தொடரில் ஒரு சீனப் பாத்திரத்துக்கு வெள்ளை நடிகர் ஒருவரின் கண்ணையும் தோலையும் ஒப்பனையால் மாற்றி நடிக்கவைத்தார்கள். உடல் மாற்றம் எல்லாருக்கும் பொதுவாக இல்லை. வெள்ளையர் சீனராகலாம், சீனர் டாக்டராக முடியாது.

இனி நம் பக்கம் வருவோம். தமிழில் ஒரே பெயர், பல நூற்றாண்டுகளாக, உடலை மாற்றி மாற்றி வந்திருக்கிறதென்றால் அது நந்தன்தான்.

சுந்தரர் தன் திருத்தொண்டத் தொகையில் அவரைத் திருநாளைப்போவார் என்று பெயரளவில் சொல்லிச் செல்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைப் பெரியபுராணத்தில் கதையாக விரித்தார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், அவர் போக முடியாது. திருப்புன்கூரில் நந்தி விலகி வெளியிலிருந்தே தரிசனம் கிடைக்கிறது. தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று நாட்களைக் கடத்துகிறார். கடைசியில் போகிறார். மதிலுக்கு வெளியே நிற்கிறார். கனவில் இறைவன் ஆணையிட, தென்திசை வாசலில் தீ மூட்டப்படுகிறது. நந்தன் அதில் இறங்கி, பூணூலும் சடைமுடியும் உடைய முனிவராக வெளியே வருகிறார். உள்ளே போகிறார், மறைந்துபோகிறார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒளி பரவுகிறது, ஓர் உடல் போய் இன்னோர் உடல் வருகிறது, பெயர் அப்படியே இருக்கிறது. பார்க்க டாக்டரின் கதை மாதிரியே இருக்கும். ஆனால் ஏன் உடல் மாறுகிறது என்று கேளுங்கள். டாக்டர் சாகாமல் இருப்பதற்காக மாறுகிறார். நந்தன் உள்ளே விடப்படுவதற்காக மாற்றப்படுகிறார். அதிலும் எந்த உடலாக வேண்டுமானாலும் அவர் மாறியிருக்கலாம், தீக்கு என்ன தெரியும்? வேளாளராக வந்திருக்கலாம், குயவராக வந்திருக்கலாம், நாயன்மார்களில் அவர்களும் இருக்கிறார்களே. வந்தது பூணூல் போட்ட உடல். அந்த வாசலுக்கு எந்த உடல் பொருந்தும் என்பதைக் கதை சொன்னவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். உடல் மாறும் கதை எங்கே வந்தாலும் புதிதாக வந்த உடல் எது என்று பாருங்கள், அந்தக் கதையின் வாசலில் காவல் நிற்பது யார் என்று தெரிந்துவிடும்.

சேக்கிழாரோடு கதை நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தை அவர் உள்ளே கொண்டுவந்தார். அதுதான் வேதியர், நந்தனை அடிமையாக வைத்திருந்த பண்ணையார். தில்லைக்குப் போக விடுப்புக் கேட்டால், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். சிவகணங்கள் ஒரே இரவில் முடித்துவிட, வேதியர் மனம் மாறி நந்தனை வணங்குகிறார். காவிரிப் படுகையில் பண்ணையாள்கள் பட்ட பாடு முதல்முறையாக இந்தப் பாட்டுக்குள் வந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது. பாரதியார் பிராமணர்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதியவர் அல்லர்.

ஆனால் இதைப் பாடியது யார்? தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்ற கதாகாலட்சேப வித்வான்கள். காலட்சேபத்தில் ஒருவரே எல்லா வேடமும். ஒரு நிமிடம் வேதியர், மறு நிமிடம் நந்தன். பட்டு வேட்டி கட்டிய அதே உடம்பு, அதே மேடையில், புலையரின் குரலில் கெஞ்சிவிட்டு உடனே ஆண்டையின் குரலில் அதட்டும். சேரிக்காரர் அந்தச் சபைக்குள் உட்கார்ந்து கேட்கவே முடியாத காலம் அது. தன் கதையைத் தானே கேட்க முடியாத ஒரு நாயகன்!

பிறகு சினிமா வந்தது. 1935இல் ‘பக்த நந்தனார்’. நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஒரு பெண், நாடக மேடையில் உச்சத்தில் இருந்த குரல், அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத தொகை. வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். டாக்டரைப் பெண்ணாக்க இங்கிலாந்துக்கு 2017 வரை ஆனதென்றால், நந்தனைப் பெண் நடிக்க இங்கே 1935இலேயே முடிந்தது. இதைப் பெருமையோடு சொல்லலாம், நாங்களும் சொல்கிறோம். சுந்தராம்பாள் வறுமையிலிருந்து எழுந்து வந்த பெண், அவர் குரலின் முன் எத்தனையோ பெரிய மனிதர்கள் கைகட்டி உட்கார்ந்தார்கள். 1942இல் ஜெமினி ஸ்டூடியோவின் எஸ்.எஸ். வாசன் எடுத்த ‘நந்தனார்’ படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தன் ஆனார். தமிழிசை மேடையில் மறக்க முடியாத குரல் அது. இன்றும் நந்தனார் என்றால் பெரியவர்கள் கண்முன் வருவது தேசிகரின் முகமே.

ஆணாகலாம், பெண்ணாகலாம், பாகவதர் ஆகலாம். பால் தடையாக இல்லை, வயதும் உருவமும் தடையாக இல்லை. குரல் இருந்தால் போதும் என்றார்கள். அந்தக் குரலைத் தேடும்போது எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்பதே எங்கள் கேள்வி. பறையும் பாட்டும் கூத்தும் ஒப்பாரியும் இருந்த சேரிகளில் குரலா இல்லை? இங்கிலாந்தில் சண்டை, வெள்ளையர் வேடத்தைக் கறுப்பர் எடுப்பதா என்பது. இங்கே நந்தன் வேடமே சேரியின் வேடம். அந்த ஒரு வேடத்துக்குக்கூடச் சேரியை நோக்கி யாரும் திரும்பவில்லை.

திருவக்கரைக்கு வந்தவர்களுக்குக் கல்மரங்களைத் தெரிந்திருக்கும். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள். மரத்தின் உடல் அணுவணுவாகக் கரைய, அந்த இடத்தில் மண்நீரில் இருந்த சிலிக்கா வந்து உட்கார்ந்துகொண்டது. வரி வரியாக வளையம் தெரியும், பட்டை தெரியும், கணு தெரியும். தட்டினால் கல். மரத்தின் ஒரு துளிகூட இல்லை. புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கிறது. திரையில் வந்த நந்தன்களைப் பார்க்கும்போது எங்களுக்கு இந்தக் கல்மரம் நினைவுக்கு வருவது தற்செயல் அல்ல, தினமும் அந்த வேலியோரமாகத்தானே போகிறோம். நந்தனின் வடிவம் அப்படியே இருக்கிறது, உள்ளே சேரி இல்லை.

1942 படத்தைக் கோலார் தங்கவயலில் தலித் மக்கள் எதிர்த்தார்கள். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த தொழிலாளர்கள், வட தமிழக மாவட்டங்களிலிருந்து போன நம் முன்னோர்கள். கைத்தட்டிக் கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. நந்தன் வேடம் மட்டுமல்ல, நந்தனைப் பார்க்கும் பார்வையும் தங்களுடையது என்று சொன்ன இடம் அது. தமிழ்த் திரைப்பட வரலாறு பேசுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அதற்கும் முன்பே ஒருவர் இதைத் தலைகீழாகப் படித்துவிட்டார். அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் தொடங்கிய தன் இதழில் எழுதிய இந்திரர் தேச சரித்திரத்தில், நந்தன் ஒரு பௌத்த அரசன் என்றார். வேடதாரிகளை அடையாளம் கண்டதால் சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன் என்றார். அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய சொல்லைக் கவனியுங்கள்: வேஷப் பிராமணர். அதாவது நந்தன் பிராமண உடலாக மாறினான் என்பது புராணம். பிராமணன் என்பதே ஒரு வேடம், யார் அதைப் போட்டுக்கொண்டார்கள் என்று கேள் என்பது பண்டிதர். அவர் சொன்னதைக் கல்வெட்டு ஆதாரம் கேட்டுச் சோதிக்க விரும்புபவர்கள் சோதிக்கட்டும். எங்களுக்கு முக்கியம், அந்தக் கேள்வியை 110 ஆண்டுகளுக்கு முன் அவர் கேட்டார் என்பது.

சரி, நாயகனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். டாக்டர் ஹூவில் நாயகனுக்குச் சமமாக இன்னொரு இடம் இருக்கிறது. அது உடன்பயணியின் இடம். டாக்டர் தனியாகப் போவதே அரிது. முதல் பகுதியிலேயே மூன்று பேர்: பேத்தி சூசன், அவளுடைய பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இயன், வரலாற்று ஆசிரியை பார்பரா. தொடரின் தொடக்க நோக்கமே பிள்ளைகளுக்கு அறிவியலும் வரலாறும் சொல்லிக்கொடுப்பது, அதனால் இரண்டு ஆசிரியர்கள். 1964இல் வந்த அஸ்டெக் கதையில் பார்பராவை அந்த மக்கள் தெய்வம் என்று நம்பிவிடுகிறார்கள். கிடைத்த அதிகாரத்தை வைத்து நரபலியை நிறுத்தப் பார்க்கிறாள் பார்பரா. வரலாற்றை மாற்ற முடியாது என்று டாக்டர் தடுக்கிறார். அவள் கேட்கவில்லை, முயல்கிறாள், தோற்கிறாள். அந்த ஒரு கதையில் எங்களுக்கு நாயகன் பார்பராதான். ‘காலங்காலமாக நடப்பது, நீ என்ன செய்துவிட முடியும்’ என்ற பேச்சை நாம் எத்தனை பஞ்சாயத்துகளில் கேட்டிருக்கிறோம்!

உடன்பயணிகளின் இடத்தில்தான் மாற்றம் முதலில் நுழைந்தது. 2005இல் அரசுக் குடியிருப்பில் வசிக்கும் துணிக்கடைப் பெண் ரோஸ். 2007இல் மார்த்தா ஜோன்ஸ், மருத்துவம் படிக்கும் கறுப்பினப் பெண், ஃப்ரீமா அஜிமென் நடித்தது. மார்த்தா வரும் ஒரு கதையை மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். டாக்டர் எதிரிகளிடமிருந்து ஒளிய, தன் நினைவை மறைத்துக்கொண்டு 1913இல் ஓர் ஆண்கள் விடுதிப் பள்ளியில் ஆசிரியராக வாழ்கிறார். கூடவே ஒளிந்திருக்கும் மார்த்தாவுக்கு அதே பள்ளியில் கிடைக்கும் வேலை என்ன? தரை துடைப்பது. அதே கால இயந்திரத்தில் வந்த இருவர், ஒருவர் வாத்தியார், ஒருவர் வேலைக்காரி. பள்ளிச் சிறுவர்கள் அவள் தோல் நிறத்தைக் கிண்டல் செய்கிறார்கள். நான் மருத்துவம் படிக்கிறேன் என்றால் அங்கிருக்கும் செவிலியே நம்ப மறுக்கிறாள். அப்போது மார்த்தா தன் கையைக் காட்டி, கையில் உள்ள எலும்புகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறாள். நேர்முகத் தேர்வுகளில், விடுதிகளில், ‘கோட்டாவா’ என்ற பார்வையின் முன் எத்தனை எலும்புகளின் பெயரை நம் பிள்ளைகள் ஒப்பித்திருப்பார்கள்.

2018இல் ரோசா பார்க்ஸ் பற்றிய கதை வந்தது. இணைந்து எழுதியவர் மலோரி பிளாக்மன் என்ற கறுப்பின எழுத்தாளர். 1955 மாண்ட்கோமரி பேருந்தில் ரோசா எழ மறுப்பது நடந்தே தீரவேண்டும். அதற்குப் பேருந்து நிரம்ப வேண்டும், வெள்ளையர் ஒருவர் நிற்க வேண்டும். டாக்டரும் நண்பர்களும் இறங்கிவிடப் பார்க்கிறார்கள், முடியவில்லை. வெள்ளையர் இருக்கைகளில் அவர்கள் உட்கார்ந்திருந்தால்தான் கூட்டம் கணக்குக்கு வரும். எனவே எதுவும் செய்யாமல், தங்களால் ரோசா எழுப்பப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாயகன் வந்து காப்பாற்றாத கதை. நல்ல மனம் கொண்ட மேல்சாதி நண்பர்கள் இதைப் பார்த்துவிட்டு வந்து எங்களோடு பேசினால் பேச்சு சுலபமாக இருக்கும்.

நந்தனின் உடன்பயணிகள் யார்? சேரி மக்கள். சேக்கிழாரிடம் அவர்கள் பின்னணி மட்டுமே. கீர்த்தனையிலும் நாடகத்திலும் சினிமாவிலும் அவர்கள் கள் குடிப்பவர்கள், ஆடு வெட்டுபவர்கள், நந்தனைப் பைத்தியம் என்பவர்கள், சிரிப்புக்கு உதவுபவர்கள். நந்தன் எவ்வளவு உயர்கிறாரோ அவ்வளவு அவர்கள் தாழ வேண்டும். டாக்டர் தன் வாகனத்தின் கதவைத் திறந்து ‘வருகிறாயா’ என்று கேட்பார். நந்தன் கதையில் அந்தக் கேள்வியே இல்லை. ஒருவர் தீயில் இறங்கினார், உள்ளே போனார், மறைந்தார். கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கூட வந்தவர்கள் மதிலுக்கு வெளியே அப்படியே நிற்கிறார்கள்.

எவ்வளவு காலம் நிற்கிறார்கள் என்பதற்கு நம் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டாம். விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் 2023 ஏப்ரல் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். நீதிமன்றம், பேச்சுவார்த்தை, போலீஸ் என்று இழுத்து, 2025 ஏப்ரலில்தான் பாதுகாப்போடு நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். அது நடந்தது திரௌபதி கோயிலில் என்பது இன்னொரு வேடிக்கை. நந்தனைத் தீயில் இறங்கு என்றார்கள். திரௌபதி அம்மன் தீமிதியில் பல ஊர்களில் நம்மைத் தீயில் இறங்காதே என்கிறார்கள்.

உடன்பயணியின் இடத்திலிருந்து நந்தனை மாற்றிப் படைத்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். சினிமாவில் அவர் இடமே நகைச்சுவைக்காரர் இடம், நாயகனின் பக்கத்தில் நிற்கும் ஆள். அவர் நந்தனார் காலட்சேபத்தை எடுத்து ‘கிந்தனார்’ ஆக்கினார். எழுதியவர் உடுமலை நாராயணகவி. அண்ணா கதை வசனம் எழுதிய ‘நல்லதம்பி’ படத்தில், 1949இல், அது இடம்பெற்றது. கிந்தன் சேரிப் பையன். அவனுக்குத் தில்லை வேண்டாம், படிப்பு வேண்டும். ரயிலேறிப் பட்டணம் போகிறான். படித்துப் பள்ளிக்கூட அதிகாரியாகி, தன்னை அடித்து விரட்டிய அதே ஊர்ப் பள்ளிக்கு வருகிறான். தீ இல்லை, பூணூல் இல்லை. அதே உடலோடு திரும்பி வருகிறான். இதைவிட முக்கியம், அவன் மறைந்துபோகவில்லை. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கிப் பள்ளி நடத்தியதும் இதே வழிதான், கலைவாணருக்கு முன்பே. தில்லை வாசலில் ஒருவர் மறைந்த ஊரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள்.

இந்திரா பார்த்தசாரதி 1978இல் ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீயை அற்புதமாக அல்ல, சதியாகக் காட்டினார். 2024இல் வந்த ‘நந்தன்’ திரைப்படம் ஒரு தனித்தொகுதி ஊராட்சித் தலைவரின் கதையைச் சொன்னது. நாற்காலியின் பெயர் அவருடையது, உட்காருவது வேறொருவர். வேடம் கிடைத்தும் வசனம் கிடைக்காத நாயகர்கள் நம் ஊராட்சிகளில் எத்தனை பேர் என்று உள்ளாட்சித் தேர்தலுக்கு வேலை செய்த தோழர்களுக்குத் தெரியும்.

இனி அந்த மாணவர் கேட்ட கேள்விக்கு வருகிறோம். கறுப்பு உடலுக்கு மட்டும் ஏன் கோபம்? இதற்கு அந்தத் தொடரே 2024இல் பதில் சொன்னது. பணக்கார இளைஞர்கள் மட்டும் வாழும் ஒரு நகரம். முகத்தைச் சுற்றி எப்போதும் சுழலும் திரைக்குள்ளேயே வாழ்கிறார்கள். அங்கே அவர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் ஆபத்து வருகிறது. டாக்டர் தப்பிக்க வழி சொல்கிறார், என்னோடு வாருங்கள் என்று கெஞ்சுகிறார். அவர்கள் மறுக்கிறார்கள். முழுக் கதையையும் பார்த்து முடித்த பிறகே, அந்த நகரத்தில் ஒருவர்கூட வெள்ளையர் அல்லாதவர் இல்லை என்பது நமக்கு உறைக்கிறது. கறுப்பனின் கையால் காப்பாற்றப்படுவதைவிட முன்பின் தெரியாத காட்டுக்குள் போய் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கிளம்பிவிடுகிறார்கள். டாக்டர் அழுகிறார், சிரிக்கிறார், கத்துகிறார். இதற்கு முன் இருந்த எந்த டாக்டருக்கும் இந்தக் கதையை எழுதியிருக்க முடியாது. சத்துணவுக்கூடத்தில் தலித் பெண் சமைத்தால் பிள்ளைகளைப் பட்டினி போட்டாவது சாப்பிட விடாத பெற்றோர்களைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சி கற்பனையாகத் தெரியவில்லை. உடல் மாறினால் கதை மாறுகிறது. அது தெரிந்ததால்தான் கோபம்.

போன ஆண்டு ஏப்ரல் 14க்கு எங்கள் மாணவர்கள் நந்தன் நாடகம் போட நினைத்தார்கள். நடிகர் தேர்வில் நின்றுபோனது. யாரும் நந்தனாக வர மறுத்தார்கள். “ஆண்டே ஆண்டேன்னு கும்பிட்டுக்கிட்டு நிக்கணும், எங்க அம்மா பாத்தா அழும்” என்றான் ஒருவன். வேதியர் வேடத்துக்கு நான்கு பேர் போட்டி. அதட்டிப் பார்க்க ஒரு வாய்ப்பாவது கிடைக்கட்டும் என்று சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆண்டு நாடகம் நடக்கவில்லை, பாட்டும் பேச்சும் மட்டும் நடந்தது.

இந்த ஆண்டு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், டாக்டரிடமிருந்து எடுத்ததுதான். நந்தன் ஒரே ஆள் இல்லை. காட்சிக்கு ஒருவர். தோளில் ஒரு சிவப்புத் துண்டு, அதை யார் வாங்கிப் போட்டுக்கொள்கிறாரோ அவர் நந்தன். இரண்டு பெண்களும் பட்டியலில் இருக்கிறார்கள், அதில் ஒருவர் செவிலியர் படிப்பு முதல் ஆண்டு. அண்ணனுக்குப் பதில் தங்கை துண்டை வாங்கும் இடத்தில் வசனமே வேண்டாம் என்று வெட்டிவிட்டார்கள். சேரி மக்களாக வருபவர்கள் குடித்துவிட்டு ஆடப்போவதில்லை. முதல் காட்சியிலிருந்து கடைசிவரை மேடையிலேயே நிற்பார்கள், கேள்வி கேட்பார்கள். வேதியராக வருபவர் மட்டும் மாறமாட்டார். அது ஏன் என்று கேட்டதற்கு, “அவங்கதான் அண்ணா மாறவே இல்லையே” என்று பதில் வந்தது.

தீக் காட்சியை இன்னும் முடிவு செய்யவில்லை. நந்தன் இறங்குவதா, மறுப்பதா, கிந்தனைப் போல ரயிலேறுவதா என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒத்திகை நடக்கிறது. வர முடிந்த தோழர்கள் வந்து பாருங்கள், துண்டு வாங்கிக்கொள்ள இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள்.